பொழுது சாய்வதற்குள் ஓர் ஆல்டர்னேட்டர்

திண்டிவனத்தில் வீரேந்திர நயினாரின் அம்பாசடர் காரைப் பற்றி மூன்று கதைகள் உலவுகின்றன. முதல் கதையில் கார் ரயில்வே கேட்டில் தீப்பிடித்தது. இரண்டாவதில் நயினார் காரைச் செஞ்சி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். மூன்றாவதில் அவர் மனைவி ஜினமதி அம்மாள் கோபத்தில் காரை ஏரிக்குள் இறக்கிவிட்டார். மூன்றும் தவறு. தீ எதுவும் பிடிக்கவில்லை. தள்ளியது நயினார் அல்ல. ஏரியில் அந்த ஆண்டு கோடையில் ஒரு சைக்கிள் முழுகும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

நான் பக்கத்து வீட்டுக்காரன். பெயர் தொம்மை. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சம்பந்தப்பட்ட சனிக்கிழமை ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்ற முறையில் நடந்ததை எழுதுகிறேன்.

வீரேந்திரன் மல்லாட்டை வியாபாரி, அதாவது நிலக்கடலை வியாபாரி. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் 'நயினார்'தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டையின் மேல் பையில் எப்போதும் நாலு மல்லாட்டைப் பருப்பு இருக்கும். வியாபாரத்தில் அவர் ஒரு பருப்பு ஏமாற்றினார் என்று சொல்ல இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் வீட்டில் ஏதாவது பழுதானால் அவர் வேறு மனிதராகிவிடுவார். பழுது கண்ணுக்குத் தெரியாவிட்டால் பழுதே இல்லை என்பது அவர் கட்சி. கூடத்துச் சுவரில் மழைநீர் ஊறியபோது அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டினார். காலண்டரும் ஊறியது. அதைவிடப் பெரிய காலண்டர் ஒன்றை வாங்கி அதன்மேல் மாட்டினார். சுவர்க்கடிகாரம் நின்றுபோனபோது அதைச் சமையலறைக்கு மாற்றி, "அங்க எதுக்குங்க மணி?" என்று கேட்ட மனைவியிடம், "அலங்காரத்துக்கு" என்றார்.

காரை 1993இல் புதுச்சேரியில் ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கினார். டீசல் அம்பாசடர், வெளிர் நீலம். செஞ்சிச் சாலையில் உள்ள வல்லத்தில் ஜினமதி அம்மாளின் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற பணத்தில் வாங்கியது, அதனால் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது அவர் பெயர். அந்தக் கார் நயினாருக்கு ஏன் உயிர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் பெண் பார்க்க வல்லத்துக்குப் போனது சைக்கிளில். போகும் வழியில் செயின் கழன்று, கையெல்லாம் கிரீஸோடு போய்ச் சேர்ந்தார். ஜினமதியின் அண்ணன் பத்மகுமார் அன்று முதல் அவரை 'சைக்கிள் மாப்ள' என்றே அழைத்தார். கல்யாணப் பந்தலில், கோயிலில், சந்தையில், எங்கே கண்டாலும் அதே பெயர்தான். கார் வாங்கிய பிறகுதான் அந்தப் பெயர் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

இன்னொன்று. அவர்கள் குடும்பத்தில் சமண முறைப்படி பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. கொஞ்சம் தாமதமானாலும் மறுநாள் காலை வரை பட்டினிதான். அதனால் கார் எங்கே போனாலும் வெயில் இருக்கும்போதே வீடு திரும்பிவிடும். அந்தக் காரின் ஹெட்லைட் எரிந்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் வரப்போகிற குழப்பத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்; விளக்கு மங்குவதை யாராவது பார்த்திருந்தால் சங்கதி முன்பே வெளிப்பட்டிருக்கும்.

1998 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. டீசல் வீணாகக் கூடாது என்று நயினார் எஞ்சினை அணைத்தார். ரயில் போனது, கேட் திறந்தது, நயினார் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பின்னால் ஒரு பேருந்து ஹாரனை அழுத்தியது. ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று நயினார் இருக்கையை விட்டு அசையவில்லை. பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளியவர் ஜினமதி அம்மாள். என் மனைவி பவுலின் அந்தப் பேருந்தில்தான் இருந்தாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏம்மா, மொய்யும் எழுதிட்டு வண்டியும் நீங்கதான் தள்ளணுமா?" என்று கேட்டாராம். பேருந்தே சிரித்திருக்கிறது.

அன்று மாலை இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைத் தாண்டி எல்லாம் கேட்டது.

"அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினே வந்துதா இல்லியா?"

"வந்துது."

"என்னாங்க அதுன்னு கேட்டனா இல்லியா?"

"கேட்ட."

"நீங்க என்னா சொன்னீங்க?"

நயினாரின் குரல் தாழ்ந்தது. "அழகுக்கு எரியுதுன்னேன்."

"இனிமே ஒரே ஒரு வாட்டி அந்த அழகு எரிஞ்சுது, வண்டி எங்க அண்ணன் கைக்குப் போய்டும். வித்துக் குடுத்துடுவாரு. புக்குல இருக்கறது என் பேரு, ஞாபகம் வெச்சிக்குங்க."

டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு, பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்பதைக் காட்டுவது. எஞ்சின் சுழலும்போது ஒரு ரப்பர் பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். அதிலிருந்து வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். நயினாரின் வண்டியில் பெல்ட் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவரே பெல்ட்டை இழுத்து இறுக்கினார். அந்த வேலையை ஒழுங்காகவும் செய்திருந்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் அவர் காலண்டர் மாட்டும் மனிதர். பெல்ட் இறுகியது போதுமா என்று சந்தேகம் வந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, அந்தச் சிவப்பு விளக்கின் குட்டி பல்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

"தொம்ம சாரு, இனிமே எரியவே எரியாது."

"வண்டி சரியாப் போச்சா நயினாரே?"

"அது வேற விஷயம்."

அன்று முதல்தான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. பேட்டரி இரண்டே நாளில் படுத்தது. டீசல் வண்டி என்பதால் ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரி இல்லாமலே ஓடும், கிளப்புவதுதான் கஷ்டம். நயினார் சரிவு தேட ஆரம்பித்தார். கடைக்குப் போனால் காரைக் கடை வாசலில் நிறுத்தாமல் ஏரிக்கரைச் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டு நடந்து வருவார். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வந்தால், "அவங்க வீட்டாண்ட மேடு இருக்குதா?" என்று விசாரிப்பார். மேடு இல்லாத வீட்டு விசேஷங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

வீட்டில் பேட்டரியைக் கழற்றி, மூட்டை அறையில் ஒரு சார்ஜரோடு இணைத்து வைப்பார். அது விடிய விடிய உறுமும்.

"என்னாங்க சத்தம் அது?" என்று ஜினமதி அம்மாள் கேட்டிருக்கிறார்.

"கொசு மெஷினு."

"கொசுவக் கொல்றதா? நம்ம வீட்லயா?"

நயினார் இதை எதிர்பார்க்கவில்லை. ஓர் உயிரைக் கொல்லும் பொருளை அந்த வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொல்லாது," என்றார். "பயமுறுத்தும்."

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஆவணியில் வல்லத்தில் பத்மகுமார் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாள் வந்தது. ரயில்வே கேட் கதை அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. அழைப்போடு ஒரு சேதியும் சொல்லி அனுப்பினார். விழுப்புரத்தில் விருத்தாசலம் என்று ஒரு கார் புரோக்கர் இருக்கிறார், அன்றைக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். வண்டி தானாக வந்து, கேட்ட நேரத்தில் தானாகக் கிளம்பினால் சைக்கிள் மாப்ளயே வைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் அன்றைக்கே விலை பேசி முடித்துவிடலாம். ஜினமதி அம்மாள் இதற்குச் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்.

நயினார் அன்று மத்தியானமே என் வீட்டுக்கு வந்தார். அவர் சட்டைப் பையில் மல்லாட்டை இல்லாததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"தொம்ம சாரு, ஆல்டர்னேட்டர் போய்டுச்சி. மாத்தணும்."

"மெக்கானிக்கிட்ட விடுங்க."

"ஊர்ல இருக்கற மெக்கானிக்கு பெரியசாமி ஒருத்தன்தான் டீசல் வண்டி பாக்குறான். அவன் எங்க மச்சானுக்குத் தோஸ்த்து. பானட்டத் தொறக்கறதுக்குள்ள வல்லத்துக்கு சேதி போய்டும். வீட்லயே மாத்திடலாம். நீங்க கூட நின்னா போதும்."

அவர் தனியாக விழுப்புரம் போய், அந்தோணிசாமி என்பவரின் பழைய சாமான் கடையில் ஓர் ஆல்டர்னேட்டர் வாங்கி, அதை மல்லாட்டைச் சாக்கில் கட்டி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாக்கு என் வீட்டுக் கட்டிலுக்கடியில் இரண்டு நாள் இருந்தது. பவுலின் பெருக்கும்போது அதில் காலை இடித்துக்கொண்டு, "உங்க நயினார் வீட்டு மல்லாட்டை இரும்புலயா காய்க்குது?" என்றாள்.

பால் காய்ச்சும் நாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை. ஜினமதி அம்மாள் அண்ணன் வீட்டுக்குச் சீர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மாலைதான் திரும்புவார். நாங்கள் கார் ஷெட்டில் பானட்டைத் திறந்தோம்.

உள்ளே எறும்புகள். வண்டியை ஒரு வாரமாக எடுக்கவில்லை. ஆல்டர்னேட்டரைத் தாங்கும் இரும்புப் பட்டையின் இடுக்கில் சிற்றெறும்புக் கூட்டம் ஒன்று முட்டையும் கையுமாகக் குடியேறியிருந்தது.

நயினார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஸ்பானரக் கீழ வைங்க."

"ஊதிவிட்டாப் போய்டும் நயினாரே."

"முட்ட வெச்சிருக்குதுங்க. ஊதினா எங்க போவும்?"

"நாளைக்கு இந்த வண்டி போவலன்னா உங்க கைய விட்டே போய்டும். அத யோசிச்சீங்களா?"

அவர் யோசித்தார். காரைப் பார்த்தார், எறும்புகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு நீளமான மரச்சட்டமும் ஒரு வெல்லக்கட்டியும் கொண்டுவந்தார். சட்டத்தின் ஒரு முனையை எஞ்சின்மேல் சாய்த்தார். மறுமுனையை நிழலில் இருந்த துளசித் தொட்டியில் வைத்து அங்கே வெல்லத்தை வைத்தார். பானட் திறந்திருந்ததால் வெயில் இடுக்கில் இறங்கியது. எறும்புகள் கொஞ்சம் கலந்து பேசின. பிறகு ஒவ்வொன்றாக முட்டையைத் தூக்கிக்கொண்டு சட்டத்தின் மேல் நடக்க ஆரம்பித்தன. என் வேலைக்காலம் முழுவதும் வயல்களில் நேர்கோடு போட்டவன் நான். அப்படி ஒரு நேர்கோட்டை நான் போட்டதில்லை. ஆனால் அவற்றுக்கு அவசரம் என்பதே கிடையாது. நயினார் பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி" என்று அவற்றிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி எறும்பு இறங்கும்போது பிற்பகல் பாதி போய்விட்டது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும் என்றேன்.

"அதுல என்னா இருக்குது கழட்ட? செத்த பேட்டரி."

அவர் நேராக ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் ஸ்பானரை வைத்தார். ஸ்பானரின் மறுமுனை இரும்பில் பட்டு, பளிச்சென்று ஒரு பொறி பறந்தது. நயினார் ஓரடி பின்னால் குதித்தார்.

"கொஞ்சம் இருக்குது," என்றார்.

நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். எந்த ஒயர் எந்த இடத்தில் இருந்தது என்று தெரிய ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நிற நூல் கட்டினேன். பெல்ட்டைத் தளர்த்தும் போல்ட் சுலபமாகத் திரும்பியது. கீழே இருந்த நீள போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். நயினார் அதனிடமும் "ஜல்தி" சொல்லிப் பார்த்தார். கடைசியில் நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்துத் திருப்பியதில் போல்ட் ஒரு முனகலோடு வந்தது. பழையதை இறக்கி, புதியதை ஏற்றி, போல்ட்டுகளை மாட்டி, ஒயர்களை நூல் பார்த்துச் சேர்த்து, பேட்டரி முனையையும் மாட்டினோம். பெல்ட்டை இறுக்க ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கமாக நெம்ப வேண்டும். கடப்பாரை கிடைக்கவில்லை. நயினார் சமையலறையிலிருந்து உலக்கையைக் கொண்டுவந்தார். நான் உலக்கையால் நெம்ப, அவர் போல்ட்டை முடுக்கினார்.

அந்த நேரத்தில் ஜினமதி அம்மாள் இரண்டு கையிலும் பைகளோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், உலக்கையைப் பார்த்தார், மண்ணெண்ணெயும் கரியுமாக நின்ற கணவரைப் பார்த்தார்.

"என்னா பண்றீங்க?"

"பானட்டத் தொடைச்சிக்கினு இருக்கிறோம்," என்றார் நயினார்.

"உள்பக்கமா?"

"நாளைக்கு விசேஷம் இல்லியா."

"ஒலக்கையாலயா?"

நயினார் துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை. ஜினமதி அம்மாள் பைகளைக் கீழே வைத்து, தலைக்கு மேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "சாதம் ஆயிடும். கைய கழுவிக்கினு வாங்க. பொழுது எறங்கிட்டா நாளைக்குக் காலையிலதான், ஞாபகம் இருக்கட்டும்."

அவர் உள்ளே போனதும் நயினார் சாவியைத் திருப்பினார். முந்தைய இரவு சார்ஜ் ஏற்றியிருந்ததால் எஞ்சின் கிளம்பியது. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஹெட்லைட்டைப் போட்டு வெளிச்சம் சுவரில் விழும்படி வைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். மின்சாரம் ஏறினால் வெளிச்சம் கூடும். ஷெட் சுவரில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. நயினார் மிதித்தார். எஞ்சின் கத்தியது. வட்டங்கள் அப்படியே இருந்தன. இன்னும் மிதித்தார். வட்டங்கள் இன்னும் கொஞ்சம் மங்கியதாக எனக்குத் தோன்றியது. அதை நான் சொல்லவில்லை.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒயர்களைப் பார்த்தேன், சரியாக இருந்தன. நயினார் எஞ்சினை அணைத்துவிட்டு, காரின் முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தோணிசாமி செத்ததக் குடுத்துட்டான்."

"இருக்கலாம்."

"நாளைக்கு அவ்ளோ சனம் இருக்கும் சாரு. அம்மாம் பேரு எதுர்ல மச்சான் சாவிய வாங்கி புரோக்கர் கைல குடுப்பாரு. 'மாப்ள, சைக்கிள் இருக்குதா, இல்ல நான் ஒன்னு வாங்கித் தரட்டா?'ன்னு கேப்பாரு. சும்மாவே கேப்பாரு." அவர் சிரிக்க முயன்றார். கண்கள் சிரிக்கவில்லை.

வெயில் சுவரில் ஏறி ஓட்டின் விளிம்புக்குப் போய்விட்டது. உள்ளிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். "பசிக்கல" என்றார் நயினார். மூன்றாவது முறை கூப்பிடாமல் ஜினமதி அம்மாளே ஷெட்டுக்கு வந்தார். கையில் தட்டு. சாதம், பருப்பு, அவரைக்காய்ப் பொரியல். ஊறுகாய் வைக்கும் இடத்தில், சோற்றிலிருந்து கொஞ்சம் விலகி, ஒரு குட்டி பல்ப்.

நயினார் பல்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"இது... எங்க கெடச்சுது?"

"உங்க சட்டப் பையில. ஜூன் மாசம், தொவைக்கறப்ப."

"அப்பத்துலருந்து தெரியுமா?"

"ரெண்டு மாசமா எப்ப சொல்றீங்கன்னு பாத்துக்கினு இருக்கறேன். சரிவு பாத்தீங்க. மூட்டை ரூம்ல கொசுவப் பயமுறுத்தினீங்க. தொம்மை அண்ணன் வீட்டுக் கட்டிலுக்கடியில எதையோ ஒளிச்சீங்க. இதோ, ஒலக்க வரைக்கும் வந்துட்டீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா வண்டிய வித்துடுவன்னு..."

"மொதல்ல அத அதோட எடத்துல வைங்க. எரியறதுன்னா எல்லார் கண்ணுக்கும் தெரிய எரியட்டும். நாளைக்கு எங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். மூடி மறைச்சிக்கினு நான் அந்த வண்டில வர மாட்டேன்."

நயினார் பல்பை எடுத்துக்கொண்டு, தண்டனைக்குப் போகிறவரைப் போல டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். கொஞ்ச நேரம் அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு எழுந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுது," என்றார் ஜினமதி அம்மாள்.

நயினார் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கிளப்பி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சிவப்பு விளக்கு அணைந்தது. அதே கணம் ஷெட் சுவரில் இருந்த இரண்டு மஞ்சள் வட்டங்களும் வெள்ளையாயின. சுவரில் பல்லி ஒன்று இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

இதன் காரணத்தைப் பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காரில் ஆல்டர்னேட்டர் தானாக விழித்துக்கொள்ளாது. சாவியைத் திருப்பியதும் அந்தக் குட்டி பல்பின் வழியாகத்தான் கொஞ்சம் மின்சாரம் போய் அதை எழுப்புகிறது. பல்பைப் பிடுங்கினால் எழுப்ப ஆள் இல்லை. ஆக, பழைய ஆல்டர்னேட்டருக்கு எந்த நோயும் இல்லை. ஜூனில் பெல்ட்டை இறுக்கியதோடு வண்டி குணமாகிவிட்டது. அதற்குப் பிறகு அதைக் கெடுத்தவர், விளக்கு எரியக் கூடாதென்று பல்பைப் பிடுங்கிய நயினார்தான்.

விசாரிக்காமலேயே நயினாருக்கு அந்த இடத்திலேயே பாதி புரிந்துவிட்டது. தரையில் கிடந்த பழைய ஆல்டர்னேட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்ல உதட்டின்மேல் விரலை வைத்தார். விரலின் கரி மீசையில் ஒட்டிக்கொண்டது.

"என்னா ஆச்சி? ஒலக்கைக்கு மசியாதது இப்ப எப்பிடி மசிஞ்சிச்சி?" என்றார் ஜினமதி அம்மாள்.

"புதுசு இல்லியா. கொஞ்சம் சூடு ஏறணும்."

"ஓ. கூச்சப்படுது."

அவர் தட்டை நீட்டினார். நயினார் கையைக் கழுவக்கூட முழுசாக நேரமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் இருக்குதா சாரு?" "பாதி இருக்குது, சாப்பிடுங்க." கடைசிக் கவளம் வாய்க்குள் போனதற்கும் சூரியன் இறங்கியதற்கும் நடுவில் அதிக இடைவெளி இல்லை. ஆனால் இடைவெளி இருந்தது, அதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மறுநாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஜினமதி அம்மாள் என்னை நிறுத்தினார்.

"தொம்மை அண்ணே, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அந்த பல்ப வெச்சதாலதான சரியாச்சி?"

"ஆமாம்மா."

"அப்ப புதுசு மாத்தினது?"

"தேவையே இல்ல."

அவர் கோலத்தைத் தாண்டிப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் வராமல், தோள்கள் மட்டும் குலுங்கின. "நான் கேட்டேன்னு சொல்லாதீங்க," என்றார்.

வல்லத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். பின் இருக்கையில் சீர்த் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். புது வீட்டு வாசலில் பந்தல், நிறையக் கூட்டம். பத்மகுமார் படியிறங்கி வந்தார்.

"வாங்க சைக்கிள் மாப்ள! வழில எத்தினி பேரு தள்ளினாங்க?"

"நாங்க மூணு பேருதான் வந்தோம் மச்சான். மூணு பேரும் உள்ள உக்காந்துக்கினு வந்தோம்."

பால் பொங்கி, சாப்பாடு முடிந்த பிறகு புரோக்கர் விருத்தாசலம் காரைச் சுற்றி வந்தார். சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது. அணைத்தார், மறுபடியும் கிளப்பினார். வல்லத்துத் தெரு பலகை போல் சமமாக இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. பத்மகுமாரின் முகம் கொஞ்சம் தொங்கியது. அப்போது புரோக்கர் பானட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆல்டர்னேட்டர இப்பத்தான் மாத்தியிருக்கறாங்க. போல்ட்டுல மண்ணெண்ண வாசன கூடப் போவல. ஏன் மாத்தினீங்க? என்னா பிரச்சன?"

பந்தலில் இருந்தவர்கள் காரைச் சுற்றிக் கூடினார்கள். பத்மகுமார் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"ஜினா, நீ சொல்லு. இது நம்பி வெச்சிக்கிற வண்டியா? நீ சொல்றதுதான் முடிவு."

நயினார் மனைவியைப் பார்த்தார். தன் பையில் கையை விட்டு, மல்லாட்டை இல்லாததால் வெறுங்கையை எடுத்தார். நேற்றுச் சொன்னபடி ஜினமதி அம்மாள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னால் போதும். பல்ப், சரிவு, கொசு மெஷின், உலக்கை என்று வல்லம் வட்டாரத்துக்கு ஒரு தலைமுறைக்குச் சிரிப்பு கிடைத்துவிடும். புதுப் பெயர் ஒன்றும் கிடைக்கும்.

"நல்ல வண்டிண்ணா," என்றார் ஜினமதி அம்மாள். "வண்டில ஒரு கொறையும் கெடையாது. கை வெக்கிற ஆளுதான் சரியில்ல."

கூட்டம் சிரித்தது. நயினார் தலையைக் குனிந்தார்.

"அதனால வண்டிய விக்கல. ஆளத்தான் மாத்தறேன்." புரோக்கரின் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு, வலப்பக்கக் கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஏய், உனக்கு என்னா தெரியும் ஓட்ட?" என்று பத்மகுமார் பதறினார்.

"அப்பாவோட டிராக்டரக் கெணத்து மேட்டுல ஏத்தி வெச்சிட்டு அழுதுக்கினு நின்னது யாருண்ணா? அத ரிவர்ஸ்ல எறக்கினது யாரு?"

கூட்டம் இந்த முறை பத்மகுமாரைப் பார்த்துச் சிரித்தது. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே யாரோ கூப்பிடுவது போல வீட்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து 'சைக்கிள்' என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

ஓட்டுநர் உரிமம் வேண்டுமே என்று நான் சொன்னேன். "அண்ணே, நீங்க பின்னாடி உக்காருங்க" என்றார். உரிமம் அக்டோபரில்தான் வந்தது. அதுவரை அவர் ஓட்டியது சட்டப்படி தவறு. 2011இல் கார் பழைய இரும்புக்குப் போகும் வரை அவர்தான் ஓட்டினார். நயினார் இடப்பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

வல்லத்திலிருந்து திரும்பும்போது மூன்று மணி வெயில். முதல் கியரில் வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பிறகு செஞ்சி சாலையில் சீராக ஓடியது. ஜினமதி அம்மாள் டேஷ்போர்டில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றை இழுத்தபோது ஹெட்லைட் எரிந்தது.

"பகல்ல எதுக்கு லைட்டு? அணை," என்றார் நயினார்.

"எரியட்டும். இந்த வண்டில எது எரியணும், எது எரியக் கூடாதுன்னு இனிமே நான் பாத்துக்கிறேன்."

எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விரல்களைக் குவித்து விரித்துக் குவித்து விரித்துக் காட்டினார். பகலில் விளக்கு எரிகிறது என்று இந்தச் சாலையில் எல்லோரும் காட்டும் சைகை அது. அடுத்து வந்த வேன்காரரும் காட்டினார். பைக்கில் வந்தவர் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் காட்டினார். ஜினமதி அம்மாள் எல்லோருக்கும் தலையசைத்தார். நயினார் முதலில் இருக்கையில் சரிந்து முகத்தை மறைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, "யோவ், லைட்டு எரியுதுய்யா!" என்று கத்தினார்.

நயினார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எங்க வூட்டு லைட்டுதான். எங்க வூட்டம்மா போட்டது. நீ போய்யா!"